மாதிரி வீட்டில் தண்ணீர் வராது

பாட்டை நிறுத்திவிட்டு முக்கு என்றால் இன்னும் சத்தமாகப் பாடுகிறாள் அல்லி. நாலு வயசுக்கு இந்தத் திமிர் கொஞ்சம் அதிகம். கக்கூஸ் தொட்டிக்குள் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் இரண்டு கையாலும் என் சட்டைக் காலரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே பாடுகிறாள், அவள் மூச்சில் காலையில் தின்ற வாழைப்பழம் புளித்து அடிக்கிறது, கீழேயிருந்து இன்னொரு வாடை, இரண்டுக்கும் நடுவில் என் முகம். நான் மண்டியிட்டிருக்கிறேன், ஒரு காலைப் பின்னால் நீட்டிக் கதவை அடைத்தபடி, ஏனென்றால் இந்தக் கதவில் தாழ்ப்பாள் இருக்கிறது, தாழ்ப்பாள் போய் மாட்ட எதிரே ஓட்டைதான் இல்லை. இதுதான் பிள்ளை வளர்க்கும் ஆனந்தம். வெளியே பால்கனியில் என் மனைவி வாசுகியும் அவள் அண்ணன் ஞானசேகரும் நின்றுகொண்டு, இந்த அடுக்குமாடியை விற்க வந்த பெனிட்டா மேடத்திடம் எங்கள் குடும்பத்தின் எதிர்காலத்தைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். படப்பைக்கும் அப்பால், புல் முளைத்த மனையில், இன்னும் கட்டாத ஆயிரம் வீடுகளுக்கு அடையாளமாகக் கட்டி வைத்திருக்கிற ஒரே ஒரு மாதிரி வீடு இது. இரண்டு அறை வீடா மூன்று அறை வீடா என்று ராகுகாலம் பிறப்பதற்குள் நான் சொல்ல வேண்டுமாம். நான் வாயைத் திறக்கப் போன நேரம் பார்த்து அல்லி என் பேண்ட்டை இழுத்து, "அப்பா, கக்கா வருது" என்றாள். அந்த ஒரு நிமிஷம் அவளைக் கட்டி முத்தமிடலாம் போலிருந்தது. தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். இப்போது அந்த அன்பெல்லாம் மூக்கு வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

என்ன வீடு இது, என்ன எதிர்காலம் இது. சாப்பாட்டு மேஜையில் பிளாஸ்டிக் ஆப்பிள், அதில் யாரோ ஒரு குழந்தை பல் பதித்திருக்கிறது, எச்சில் காய்ந்த பளபளப்பு வேறு. அலமாரியில் புத்தகம் என்று நினைத்து எடுத்தால் அட்டை மட்டும்தான், உள்ளே காலி. அறைகளுக்குக் கதவே கிடையாது. கதவு வைத்தால் அறை எவ்வளவு சின்னது என்று தெரிந்துவிடும் அல்லவா. கட்டில்கூட குட்டை, ஞானசேகர் படுத்துப் பார்த்தார், கணுக்காலுக்குக் கீழே எல்லாம் அந்தரத்தில் தொங்கியது, எழுந்து வந்து "அருமையான ரூம் மாப்ள" என்றார். அவர் மனுஷனே அப்படித்தான், வெந்ததையும் வேகாததையும் அருமை என்பார். மூன்றாவது அறைதான் உச்சம். கார் மாதிரி ஒரு கட்டில், சுவரெல்லாம் ராக்கெட், மெத்தையில் ஒரு பொம்மைக் கரடி, அதன் கண்ணில் தூசி. "சின்னவங்களுக்கு ஒரு ரூம் சார்" என்றார் பெனிட்டா மேடம், வராத பிள்ளைக்கு மரியாதைப் பன்மை. வாசுகி அந்த அறையில்தான் ரொம்ப நேரம் நின்றாள். ராக்கெட்டை விரலால் தடவிக்கொண்டு நின்றாள். சுவரில் ஒரு போட்டோ, எந்தத் தேசத்து ஜனமோ, அப்பன், ஆத்தாள், ஒரு பையன், ஒரு பெண், நாலு பேருக்கும் ஒரே அளவில் பல். "அப்பா, அந்தப் பாப்பா எங்க?" என்று பாட்டை நிறுத்திவிட்டு இப்போது கேட்கிறாள் அல்லி. எந்தப் பாப்பா? "போட்டோல இருக்கற பாப்பா. இது அவங்க வீடா?" இது யார் வீடும் இல்லடா. "அப்ப யாரு இங்க கக்கா போவாங்க?" நல்ல கேள்வி. நீ முக்கு.

எனக்கு இன்னொரு பிள்ளை வேண்டாம். இதைச் சொல்லத்தான் வந்தேன், வருகிற வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு அறை போதும் என்றால் போதும், அதற்கு மேல் விளக்கம் வேண்டாம், வாசுகி புரிந்துகொள்வாள். அவள் என்றைக்காவது "இன்னொண்ணு பெத்துக்கலாமா" என்று நேராகக் கேட்டிருக்கிறாளா? கேட்கவில்லை. கொஞ்ச நாளாக மூன்று அறை, மூன்று அறை என்று ஒரே பாட்டு. கம்பெனிக்காரன் அனுப்பிய மூன்று அறை வரைபடத்தை அச்செடுத்து, இன்று காலையில் முருகன் கோயிலுக்குக் கொண்டுபோனாள், குருக்கள் அதைச் சாமி காலடியில் வைத்து எடுத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுத்தார். இரண்டு அறை வரைபடத்தை அச்சே எடுக்கவில்லை. சாமியிடம் ஒரே ஒரு விடையை மட்டும் காட்டி, எது வேண்டும் என்று கேட்டால் சாமிதான் என்ன செய்யும்? கோயிலில் இருந்து வந்தவள் காப்பியை வேண்டாமென்று தள்ளிவிட்டாள், விரதம் என்று நினைத்தேன். காரில் வரும்போது ஏசி வேண்டாமென்று ஜன்னலை இறக்கி, முகத்தை வெளியே வைத்துக்கொண்டே வந்தாள், என் மேல் கோபம் என்று நினைத்தேன். கோபமாக இருந்தால் இருக்கட்டும், எனக்கும் கோபம்தான். பையை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டாள், குடும்பத்துக்குப் பை தூக்குகிறவன் நான்தானே. அல்லியின் தண்ணீர் பாட்டில், மாற்று ஜட்டி, வாசலில் பெனிட்டா மேடம் திணித்த விளம்பரப் புத்தகம், எல்லாம் அந்தப் பைக்குள். பை இப்போது வாஷ்பேசின் மேல் சாய்ந்து நிற்கிறது.

"அப்பா மூஞ்சி" என்கிறாள் அல்லி. மூக்கைச் சுருக்கி, மேலுதட்டைத் தூக்கி, என்னைப் போலவே செய்து காட்டுகிறாள். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த மூஞ்சி இது. பிறந்ததிலிருந்தே எனக்கு இப்படித்தான். பள்ளிக்கூடத்தில் ஒருவன் டிபன் பாக்ஸில் கை வைத்தால் அப்புறம் அந்தச் சோறு எனக்கு இறங்காது. தம்ளரை வாயில் படாமல் தூக்கித்தான் குடிப்பேன், சட்டை நனைந்தாலும் பரவாயில்லை. கல்யாணத்தன்று வாசுகி தின்ற வாழைப்பழத்தின் மீதியை எனக்கு ஊட்டச் சொன்னார்கள், சுற்றி நின்று கைதட்டினார்கள். நான் அதைக் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்து, போட்டோக்காரன் நகர்ந்ததும் கைக்குட்டையில் துப்பினேன். அவள் பார்த்துவிட்டாள். சிரித்தாள். அப்படி இருந்தவன் நான், இன்றைக்கு? இவள் சப்பித் துப்பிய சப்போட்டாவைக் கீழே போட மனசில்லாமல் நான் தின்றிருக்கிறேன். தின்றுவிட்டு, ஐயோ, என்ன செய்தோம் என்று சிங்க்கில் போய் நின்றிருக்கிறேன். அதுதான் அருவருப்பிலேயே பெரிய அருவருப்பு. நம்மையே நமக்குத் தெரியாமல் போய்விடுகிறது. வாசுகிக்கு இதெல்லாம் கிடையாது. அல்லியை வயிற்றில் சுமந்தபோது மட்டும்தான் அவளுக்கு என் மூக்கு வந்தது. கடுகு வெடித்தால் ஓடுவாள், சோப்பு வாசனைக்கு ஓடுவாள், நான் தலைக்கு எண்ணெய் வைத்தால் அடுத்த அறையில் படுப்பாள், நாள் முழுக்க வாஷ்பேசினைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிள்ளை வெளியே வந்ததும் அந்த மூக்கையும் ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள் போல. ஒரு கையில் இட்லி, இன்னொரு கையில் பிள்ளையின் நாப்கின், அப்படியும் பார்த்திருக்கிறேன். "உன் மூக்கு செத்துப்போச்சுடி" என்று கேலி செய்வேன். "உங்க மூக்குதான் ரெண்டு பேருக்கும் சேத்து உயிரோட இருக்கே" என்பாள்.

"ஆச்சுப்பா." சரி, கெட்டியாகப் பிடித்துக்கொள். அவள் தோளுக்கு மேல் கையை நீட்டிச் சுவரில் இருக்கிற பட்டனை அமுக்குகிறேன். உள்ளே போகிறது, வெளியே வருகிறது, சத்தமே இல்லை. இன்னொரு முறை. எல்லா பலத்தையும் சேர்த்து இன்னொரு முறை. பிறகு பக்கத்தில் இருக்கிற குழாயைத் திருகுகிறேன், அது சுற்றிக்கொண்டே போகிறது, ஒரு சொட்டு கிடையாது, காற்றுகூட இல்லை. எட்டி வாஷ்பேசின் குழாயைத் தூக்குகிறேன், அது கையோடு வந்துவிடுகிறது, அடியில் பசை. அப்போதுதான் அல்லியின் முதுகுக்குப் பின்னால், தூக்கி வைத்த மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிற காகிதம் கண்ணில் படுகிறது: பார்வைக்கு மட்டும், பயன்படுத்த வேண்டாம். மூடியைத் தூக்கியவனுக்குத் தெரியாத இடத்தில் எழுதி வைத்திருக்கிறான் பாவி. இல்லை, எனக்குத்தான் கண்ணில்லை. ஐயோ. இந்தத் தொட்டிக்குக் கீழே ஒன்றுமே இல்லை. குழாய் இல்லை, குழி இல்லை, அடியில் சிமெண்ட். என் பிள்ளை செய்தது இங்கேயே, இந்த வெள்ளைப் பீங்கானிலேயே, நாளை மறுநாள் இன்னொரு குடும்பம் தன் எதிர்காலத்தைப் பார்க்க வரும்வரை உட்கார்ந்திருக்கும். மேலே தானாக ஒரு டப்பா புஸ்ஸென்று எலுமிச்சை வாசனையைத் துப்புகிறது. அது மட்டும் வேலை செய்கிறது. அந்த வாசனையும் இந்த வாசனையும் கலந்து தொண்டையில் வந்து உட்கார்கிறது, நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். "அப்பா மூஞ்சி!" என்று அல்லி சிரிக்கிறாள்.

கழுவ வேண்டும். தண்ணீர் இருப்பது அவள் பாட்டிலில் மட்டும், உறிஞ்சி உறிஞ்சி உள்ளே பிஸ்கட் தூள் மிதக்கிற பாட்டில், அரைப் பாட்டில். அவளைத் தோளில் சாய்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, இடது கையால். சூடாக இருக்கிறாள், எப்போதுமே கொஞ்சம் சூடுதான், அவள் சூடாக இருந்தாலே என் கை நெற்றிக்குப் போய்விடும், இப்போது போக முடியாது, ஒரு கையில் பாட்டில், இன்னொரு கையில் அது. கன்னத்தை அவள் நெற்றியில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை. அன்றைக்கும் முதலில் ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன். அல்லி அப்போது கைக்குழந்தை, சளி, ஊருக்கெல்லாம் வருகிற சளி. நல்ல பட்டப்பகல், வாசுகி குளித்துக்கொண்டிருந்தாள், மடியில் கிடந்த பிள்ளை மூச்சை இழுத்தது, உள்ளே போகவில்லை, உதடு நாவல் பழம் தின்றது போல் ஆகிக்கொண்டிருந்தது. நான் யோசிக்கவில்லை. அவள் மூக்கை என் வாயால் கவ்வி உறிஞ்சினேன். வந்தது. உப்பாக, கொழகொழவென்று, வாய் நிறைய. துப்பிவிட்டு மறுபடி உறிஞ்சினேன். அழுதாள். அந்த அழுகையைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வாசுகி ஈரத் தலையோடு ஓடிவந்து பார்த்தபோது நான் வாயைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். சளி என்று சொன்னேன், அதற்கு மேல் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? அருவருப்பு அல்ல என்னுடையது. அருவருப்பு சும்மா வேஷம், வெளியே உடுத்துகிற சட்டை. அன்றைக்கு அந்த உதட்டைப் பார்த்தபோது வந்த பயம் இருக்கிறதே, அதை இன்னொரு தடவை தாங்க என்னால் ஆகாது. ஒரு பிள்ளைக்கே இரவும் பகலும் நெற்றியைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறேன். இரண்டு நெற்றிக்கு என்னிடம் கை இல்லை. ஆகவே இரண்டு அறை போதும் மேடம். அவ்வளவுதான். போய்ச் சொல்லிவிட வேண்டும்.

"மாப்ள, என்ன பண்றீங்க? மேடம் வெயிட் பண்றாங்க!" ஞானசேகரின் குரல் பால்கனியிலிருந்து. "வந்துட்டோம் மச்சான்!" அல்லிக்கு ஜட்டி மாட்டி ஓரமாக நிறுத்தியாயிற்று, "கண்ணு, இதெல்லாம் யார்கிட்டயும் சொல்லக் கூடாது, என்ன?" என்றால், "ஏன்?" என்கிறாள். இப்போது தொட்டி. எடுத்துத்தான் ஆக வேண்டும், வேறு வழி இல்லை, வேலைக்கு வருகிற எவளோ ஒரு பெண் நாளைக்கு இதை எடுக்க வேண்டுமா, என் பிள்ளையுடையதை நான்தானே எடுக்க வேண்டும். பையிலிருந்து விளம்பரப் புத்தகத்தை உருவி ஒரு பக்கத்தைக் கிழித்தேன், பளபளத் தாள், வழுக்குகிறது, பிடி கிடைக்கவில்லை, சுவர் போட்டோவில் இருந்த அதே நாலு பேர் இதிலும் பல்லைக் காட்டிக்கொண்டு வழுக்குகிறார்கள். தலையைத் திருப்பிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பைக்குள் மறுபடி கையை விட்டேன், மெத்தென்று மடித்த ஒரு சாதாரணத் தாள் அகப்பட்டது, நல்லது, அதை விரித்துக் கையில் உறை மாதிரி வைத்து அள்ளி, பொட்டலமாகச் சுருட்டி, நிமிர்ந்து மூச்சு விட்டேன். விட்ட மூச்சு அப்படியே நின்றுவிட்டது. பொட்டலத்தின் மூலையில் மஞ்சள். அல்லியுடைய மஞ்சள் அல்ல, கோயில் மஞ்சள், அதன் மேல் ஒரு துளி குங்குமம். சுருட்டிய மடிப்பில் கோடு கோடாகச் சுவர்கள் தெரிகின்றன, வரவேற்பறை, சமையலறை, மூன்றாவது அறையின் நடுவே ஈரம் ஊறிக்கொண்டிருக்கிறது. வாசுகி வேண்டிக்கொண்டு வந்த தாள். முருகன் காலடியில் இருந்த தாள். வேண்டுமென்றே செய்தேன் என்பாள், ஆயுசுக்கும் அப்படித்தான் நினைப்பாள், யார்தான் நினைக்க மாட்டார்கள்? எனக்கே சந்தேகமாக இருக்கிறது. குழாயில் தண்ணீர் இருந்தாலாவது கழுவலாம், கழுவி என்ன செய்வது. எனக்கு இந்த வீடு வேண்டாம், எதிர்காலம் வேண்டாம், வாந்தி வருகிறது, கையில் இந்தப் பொட்டலத்தோடு நான் எங்கே போவேன்.

கதவை அடைத்துக்கொண்டிருந்த கால் எப்போதோ நகர்ந்துவிட்டது. வாசுகி உள்ளே வந்து நிற்கிறாள். "இவ்ளோ நேரமா என்னங்க ப—" என்று ஆரம்பித்தவள் தொட்டியைப் பார்க்கிறாள், கழன்று கிடக்கிற குழாயைப் பார்க்கிறாள், என் கையைப் பார்க்கிறாள். மஞ்சளையும் பார்த்துவிட்டாள். "வாசுகி, தெரியாம... சத்தியமா பாக்கல, தாளுன்னு நெனச்சு..." என்று நான் உளறுகிறேன். அவள் திட்டவில்லை. அவளுடைய மூக்கு சுருங்குகிறது. மேலுதடு தூக்கிக்கொள்கிறது. என் மூஞ்சி, அப்படியே என் மூஞ்சி அவள் முகத்தில். எந்த நாற்றத்துக்கும் அசையாதவள் புடவைத் தலைப்பை அள்ளி வாயில் அடைத்துக்கொண்டு சுவரோடு சாய்கிறாள், தோள் குலுங்குகிறது, குமட்டுகிறாள். செத்துப்போன அந்த மூக்கு. வேண்டாமென்று தள்ளிய காப்பி. காரில் வெளியே நீட்டிய முகம். நான் ஒரு மடையன். பொட்டலத்தைப் பைக்குள் போட்டு, பாட்டிலில் மிச்சம் இருந்த தண்ணீரைக் கையில் ஊற்றிக்கொண்டேன். "எப்பலேந்து?" என்று கேட்டேன். தலைப்பை எடுத்துவிட்டு மூச்சு வாங்குகிறாள். "சொல்லணும்னுதான் இருந்தேன். தெனமும் சொல்லணும்னுதான்..." என்று கண்ணைத் துடைக்கிறாள். "உங்க மூஞ்சியப் பாத்தா வாய் வரலங்க. அவ துப்புனாலே அப்படி ஆவுது உங்க மூஞ்சி. இதச் சொன்னா எப்படி ஆவும்னு பயந்துட்டேன். அதான் அங்க கொண்டுபோய் வெச்சேன்." அங்கே என்றால் முருகன் காலடியில். எனக்குப் பயமாக இருந்தது, அவளுக்கும் பயமாகத்தான் இருந்திருக்கிறது, என்னைப் பார்த்து. அன்று அந்த மூக்கை உறிஞ்சியதை இவளிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுப்பதற்குள் மறுபடி அவள் வயிறு புரள்கிறது, வாஷ்பேசினை நோக்கிப் பாய்கிறாள். "அம்மா, அதுல தண்ணி வராதும்மா, அது பொம்மை!" என்று கத்துகிறாள் அல்லி.

நான் இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து அவள் வாய்க்குக் கீழே நீட்டினேன். "ஐயோ, கைய எடுங்க" என்றாள், அதற்குள் வந்துவிட்டது. சூடாக, புளிப்பாக, கை நிறைய. அருவருப்பாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். விரல் இடுக்கில் ஒழுகாமல் இறுக்கிக்கொண்டேன். அல்லி அண்ணாந்து என் மூஞ்சி எப்படி ஆகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "மாப்ள, ராகுகாலம் வந்துரும், முடிவா சொல்லுங்க, ரெண்டா மூணா?" என்று ஞானசேகர் பால்கனியிலிருந்து கூப்பிட்டார். அசைந்தால் கொட்டிவிடும். அசையாமல் நின்ற இடத்திலிருந்தே கத்தினேன்.

"மூணு மச்சான். கொஞ்சம் தண்ணி கொண்டாங்க."